முன்முடிவும் பொறாமையும்: பார்வையற்ற ஒருவரைச் சுற்றிச் சிறுகதை எழுதுவதற்கான முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டி ஒரே ஒரு வகைக் கதைக்கானது. பார்வையுள்ள ஒருவர் பார்வையற்ற இன்னொருவரை இளக்காரமாக எண்ணுகிறார். அதே வேளையில் அவர்மீது பொறாமையும் கொள்கிறார். கதை முடிவதற்குள் இரண்டிலிருந்தும் ஓரளவேனும் வெளியே வருகிறார். சிறுகதைப் பயிற்சி வகுப்புகளில் இத்தகைய கதைகளின் முதல் வரைவுகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். புதிதாக எழுதுபவர்களில் பெரும்பாலோர் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: இரண்டு உணர்ச்சிகளையும் ஒன்றாகக் கருதி, ஒரே காட்சியில் கரைத்துவிடுகிறார்கள்.

இளக்காரம் ஒருவரைத் தாழ்வாக எண்ணுவது. பொறாமை அவரிடம் தன்னிடம் இல்லாத ஒன்று இருப்பதை அறிந்துகொண்ட பின்பே பிறப்பது. இரண்டும் ஒரே மனத்தில், ஒரே ஆளைக் குறித்து இருக்கும்போது, இளக்காரம் பொறாமைக்குத் திரையாக இருக்கிறது. ஆகவே திரை முதலில் விழ வேண்டும்; அதற்குப் பின்னால் இருந்த பொறாமை பிறகுதான் வெளிப்பட்டு நிற்க வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசை முழுவதும் இதிலிருந்து வருகிறது.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கதையைக் கடைசிவரை எடுத்துச் செல்கிறேன். ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. பல ஆண்டுகளாக அங்கே இலக்கிய மன்றத்தை நடத்திவரும் சமூக அறிவியல் ஆசிரியர் ஒருவர். அவரை மூத்தவர் என்று அழைப்போம். புதிதாகப் பணியில் சேர்ந்த, பார்வையற்ற தமிழாசிரியர் ஒருவர். மன்றப் பொறுப்பு அந்த ஆண்டில் புதியவரிடம் போய்விடுகிறது.

1. எழுதும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

முதலில், உங்கள் பாத்திரத்துக்கு எவ்வளவு பார்வை இருக்கிறது, எந்த வயதில் அது குறைந்தது என்பதை முடிவு செய்யுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, பார்வை அறவே இல்லாதவர் மட்டும் பார்வையற்றவர் அல்லர். கண்ணாடி அணிந்தும் நல்ல கண்ணில் பார்வைக் கூர்மை 3/60க்குக் குறைவாக இருப்பவரும் (மற்றவர்கள் 60 மீட்டரில் காண்பதை 3 மீட்டரிலும் காண முடியாதவர்), பார்வைப் பரப்பு 10 பாகைக்குக் குறைவாக இருப்பவரும் அதில் அடங்குவர். சன்னல் வெளிச்சத்தை மட்டும் உணர்பவர், நேரே இருப்பது தெரிந்தும் பக்கவாட்டில் வருவது தெரியாதவர் எனப் பல நிலைகள் உண்டு. பிறவியிலேயே பார்வை அறவே இல்லாதவரின் கனவில் பொதுவாகக் காட்சிகள் வருவதில்லை. வளர்ந்தபின் இழந்தவருக்கு வண்ணங்களின் நினைவு இருக்கும். இதை முடிவு செய்யாமல் தொடங்கினால், முதல் பக்கத்தில் சுவரைத் தடவி நடப்பவர் ஐந்தாம் பக்கத்தில் மாணவியின் சட்டை நிறத்தைப் பாராட்டுவார். இப்படியான வரைவுகள் என் கைக்கு வந்திருக்கின்றன.

இரண்டாவதாக, அன்றாட நடைமுறைகள். வெள்ளைக் கோலை வீசி நடக்கும் முறையில், வலக்கால் முன்வரும்போது கோலின் முனை இடப்பக்கத் தரையைத் தொடும். அடுத்த அடி விழப்போகும் இடத்தைக் கோல் முன்கூட்டியே சோதிக்கிறது. துணையோடு நடக்கும்போது பார்வையற்றவர்தான் துணையாளின் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வருவார். மணிக்கட்டைப் பற்றி அவரை இழுத்துச் செல்வது தவறு. கைபேசியில் திரைவாசிப்புச் செயலி ஒவ்வொரு வரியையும் ஒலியாக்கும். பழகியவர்கள் அதை மற்றவர்களுக்குச் சொல்லே பிரியாத வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பார்கள்.

பணத்தாள்களைப் பலர் நீளத்தை வைத்துப் பிரிக்கிறார்கள். 200 ரூபாய்த் தாளின் நீளம் 146 மில்லிமீட்டர், 500 ரூபாய்த் தாளின் நீளம் 150 மில்லிமீட்டர். இந்த 4 மில்லிமீட்டரைக் கூட்டமான தேநீர்க் கடையில் நின்று அளக்க முடியாது என்பதால், ஒவ்வொரு மதிப்பையும் ஒவ்வொரு விதமாக மடித்து வைத்துக்கொள்பவர்கள் உண்டு. இத்தகைய தகவல்கள் கதையில் ஒன்றிரண்டு இடங்களில் மட்டுமே தெரியும். ஆனாலும் அவை எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் மூத்தவர் செய்யும் தவறுகள் எல்லாம் இவற்றிலிருந்துதான் பிறக்கப்போகின்றன.

2. பொறாமைக்குக் காரணமான இழப்பை உறுதி செய்யுங்கள்

மூத்தவர் எதை இழந்தார் என்பதை ஒரே வரியில் எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள். “எல்லாரும் அவரையே பாராட்டுகிறார்கள்” என்பது போதாது. பாராட்டை வைத்துக் காட்சி அமைக்க முடியாது. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில், மன்றம் கூடும் அந்த நீண்ட அறையில், மாணவர்கள் யாரைச் சுற்றி நின்றார்கள், இப்போது யாரைச் சுற்றி நிற்கிறார்கள் என்பதில் காட்சி இருக்கிறது.

இழப்பு உண்மையானதாக இருக்க வேண்டும். மூத்தவர் அந்த மன்றத்துக்காக ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்தவர். பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தன் செலவில் மாவட்டத் தலைநகருக்கு அழைத்துச் சென்றவர். அவருக்கு நியாயமே இல்லாமல் செய்துவிட்டால் வாசகர் முதல் பக்கத்திலேயே தீர்ப்பு எழுதிவிடுவார். பிறகு அவர் மாறினால் என்ன, மாறாவிட்டால் என்ன? அவருடைய வருத்தத்தில் பாதி சரி என்று வாசகருக்குத் தோன்ற வேண்டும். அப்போதுதான் மற்றப் பாதி உறுத்தும்.

காதலை இழப்பாக வைப்பவர்கள் கவனமாக இருங்கள். மனைவியின் பழைய நண்பர் பார்வையற்றவர், அவர் வீட்டுக்கு வருகிறார் என்ற அமைப்பு வலுவானதுதான். ஆனால் அங்கே பெண் இருவருக்கும் இடையே தூது செல்பவளாகச் சுருங்கிவிடும் அபாயம் அதிகம். முதன்முறையாக எழுதுபவர்களுக்கு வேலையிடத்தையே பரிந்துரைக்கிறேன்.

3. இளக்காரத்தைச் சாக்காக அமையுங்கள்

மூத்தவர் தன் இழப்பைத் தனக்கே ஒப்புக்கொள்ள மாட்டார். அதற்குப் பதிலாக ஒரு வாதம் சொல்வார்: இவர் ஒதுக்கீட்டில் வந்தவர், எல்லாரும் இரக்கப்பட்டுக் கை தட்டுகிறார்கள், தலைமையாசிரியர் பெயர் வாங்கப் பார்க்கிறார். இந்த வாதத்துக்கு அவருக்கு உண்மையான செய்திகள் கிடைக்கும்படி செய்யுங்கள். மேற்சொன்ன சட்டம் அரசுப் பணிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீதத்துக்குக் குறையாத இடங்களை ஒதுக்குகிறது. அதில் 1 சதவீதம் பார்வையற்றோருக்கும் குறைந்த பார்வையுடையோருக்கும் உரியது. எழுதுநரின், அதாவது சொல்லச் சொல்ல எழுதித் தருபவரின், உதவியோடு தேர்வெழுதுபவருக்கு மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. இவற்றை மூத்தவர் தேநீர் இடைவேளையில் எடுத்துச் சொல்வார். அவர் சொல்லும் எண்கள் சரியாகவே இருக்கும். அவற்றிலிருந்து அவர் எடுக்கும் முடிவுதான் தவறாக இருக்கும்.

இளக்காரத்தை வசை மொழியாக எழுதாதீர்கள். பள்ளி ஆசிரியர் அறையில் யாரும் நேருக்கு நேர் திட்டுவதில்லை. அங்கே அது அக்கறையின் வடிவில் வரும். “ஐயாவுக்கு மாடி வகுப்பு வேண்டாம் சார், பாவம்” என்பார்கள். புதியவர் அருகில் உட்கார்ந்திருக்கும்போதே, “ஐயா சாப்பிட்டாரா?” என்று உதவியாளரிடம் கேட்பார்கள். காது நன்றாகக் கேட்கும் மனிதரிடம் குரலை உயர்த்திப் பேசுவார்கள். நேரில் “வாங்க ஐயா” என்று மரியாதையாக அழைக்கும் மூத்தவர் மனத்துக்குள் “அவன்” என்று எண்ணுவதாக எழுதுங்கள். இந்த இடைவெளி கதையின் போக்கில் எங்கே மூடுகிறது என்பதை வாசகர் தானாகவே கவனிப்பார், நீங்கள் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை.

4. கதையைப் பொறாமைப்படுபவரின் பக்கத்திலிருந்து சொல்லுங்கள்

தன்மையில் சொன்னாலும் படர்க்கையில் சொன்னாலும் மூத்தவரின் மனத்தைவிட்டு வெளியேறாதீர்கள். நடுவில் ஒரு பத்திக்குப் புதியவரின் மனத்துக்குள் புகுந்து அவருடைய வேதனையைக் காட்டிவிட்டால், வாசகருக்கு எல்லாம் தெரிந்துவிடும். மூத்தவர் மட்டும் தெரியாமல் தடுமாறுவதைப் பொறுமையிழந்து பார்த்துக்கொண்டிருக்க நேரும்.

இதில் ஒரு வசதியும் உண்டு. பொறாமைப்படுபவர் யாரையும்விட உன்னிப்பாகக் கவனிப்பவர். புதியவர் எந்தப் பக்கமாக வகுப்புக்குள் நுழைகிறார், எந்த மாணவன் அவர் பையைத் தூக்குகிறான், அவருடைய சிரிப்பு எத்தனை அறைகளைத் தாண்டிக் கேட்கிறது என்பதெல்லாம் மூத்தவருக்குத்தான் தெரியும். குற்றம் கண்டுபிடிக்கச் சேர்த்த இந்தத் தகவல்களே பிற்பாடு அவருடைய முன்முடிவைக் குலைக்கும். எனவே கதையின் முற்பகுதியில், மூத்தவர் பொருள் புரியாமல் சொல்லிச் செல்லும் செய்திகள் இரண்டையாவது விதையுங்கள். எடுத்துக்காட்டாக, புதியவரின் வகுப்பில் மாணவர்கள் பேசும் முன் தங்கள் பெயரைச் சொல்கிறார்கள். மூத்தவர் இதை ஒழுங்கீனமான சத்தம் என்று குறித்துக்கொள்கிறார். அந்தப் பழக்கத்தால், வாய் திறக்காத பிள்ளைகள் யார் என்பது புதியவருக்கு ஒரு வாரத்தில் தெரிந்துவிடுகிறது என்பதை வாசகர் பிறகு புரிந்துகொள்வார்.

5. பார்வையற்ற பாத்திரத்துக்குக் குறைகளைக் கொடுங்கள்

வருகிற வரைவுகளில் மிகப் பரவலாகக் காணும் பிழை இதில்தான். பார்வையற்றவர் கோபமே வராதவராக, எல்லாம் அறிந்தவராக, வாய் திறந்தால் தத்துவம் உதிர்ப்பவராக இருக்கிறார். காலடி ஓசையை வைத்தே ஊரில் உள்ள அனைவரையும் அடையாளம் காண்கிறார். முகத்தைத் தடவிப் பார்த்து மனத்தை அறிகிறார். இதுவும் முன்முடிவுதான், இளக்காரத்துக்குப் பதிலாக வியப்பை வைத்திருக்கிறது, அவ்வளவே. நான் அறிந்த பார்வையற்றவர்கள் யாரும் பிறர் முகத்தைத் தடவிப் பார்ப்பதில்லை. அப்படிச் செய்ய அவர்களுக்குத் தோன்றுவதும் இல்லை.

நம் கதையின் தமிழாசிரியர் மதிப்பெண் போடுவதில் கஞ்சன். இலக்கணப் பிழை கேட்டால் எரிந்துவிழுவார். கணித ஆசிரியர்களுக்கு மொழியே தெரியாது என்று பொதுவாகச் சொல்லி, அறையில் இருக்கும் ஒருவரைப் புண்படுத்துவார். இப்படிப்பட்டவர்மீதுதான் ஒரு சக ஊழியர் பொறாமைப்பட முடியும்; தெய்வத்தின்மீது யாரும் பொறாமைப்படுவதில்லை.

தலைப்பிலும் பெயரிலும் ஒளி, இருள், விழி, அகக்கண், ஜோதி, சூரியன் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். அவை வாசகரைக் கதை தொடங்கும் முன்பே ஒரு திசையில் உட்கார வைத்துவிடுகின்றன.

6. இருவரையும் ஒரே வேலையில் உட்கார வையுங்கள்

கதையின் நடுப்புள்ளி இது. இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தக் கதையில் மூன்றில் ஒரு பங்கை இந்தக் காட்சிக்கே கொடுக்கலாம்.

முன்முடிவு பேச்சால் உடைவதில்லை. புதியவர் தன் வாழ்க்கைக் கதையைச் சொல்ல, மூத்தவர் மனம் இளகினார் என்று எழுதினால், அங்கே இரக்கம் மட்டும் கூடுகிறது; இரக்கம் இளக்காரத்துக்கு மிக நெருங்கிய உறவு. அதேபோல் மின்வெட்டுக் காட்சியையும் வைக்காதீர்கள். விளக்கணைந்ததும் பார்வையுள்ளவர் தடுமாற, பார்வையற்றவர் கைபிடித்து அழைத்துச் செல்லும் காட்சியைப் புதிதாக எழுதுபவர்கள் தாமாகவே கண்டுபிடித்ததாக நம்புகிறார்கள், ஆனால் அது ஏறக்குறைய எல்லா வரைவுகளிலும் இருக்கிறது. மேலும், சில நிமிட இருட்டில் பார்வையுள்ளவருக்கு வருவது பயம். பார்வையற்றவரின் வாழ்க்கை அந்தப் பயத்தால் ஆனதன்று. இரண்டையும் ஒன்றாக்குவது தவறான செய்தியையே தரும்.

வேலை ஒன்று வேண்டும். அதில் இருவருக்கும் ஒருவர் இல்லாமல் மற்றவரால் முடியாத பங்கு இருக்க வேண்டும்; அதில் காலக்கெடுவும் இருந்தால் நல்லது. நம் கதையில் அரையாண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. தமிழ் விடைத்தாள்களை யாராவது வாசித்துக்காட்ட வேண்டும். வழக்கமாக வாசிப்பவர் விடுப்பில் இருக்கிறார். தலைமையாசிரியர் அந்தப் பொறுப்பை மூத்தவரிடம் கொடுக்கிறார். தன் தகுதிக்குக் குறைந்த வேலை என்று எண்ணியபடியே மூத்தவர் முதல் கட்டைப் பிரிக்கிறார்.

இப்போது வேலையின் நுட்பங்கள் தாமாகவே காட்சியை நடத்தும். மூத்தவர் பழக்கத்தில் பிழைகளைத் திருத்திக்கொண்டே வாசிக்கிறார். புதியவர் நிறுத்துகிறார்: “சார், ‘பறவை’க்கு எந்த ‘ற’ போட்டிருக்கான்? சின்ன ‘ர’வா, பெரிய ‘ற’வா?” காதால் மட்டும் கேட்கும்போது ரகர றகரமும், நகர னகரமும் பிரிந்து கேட்பதில்லை, எனவே அவர் கேட்டே ஆக வேண்டும், மூத்தவர் ஒவ்வோர் எழுத்தையும் பார்த்தே ஆக வேண்டும். பல ஆண்டுகளாக விடைத்தாள்களை மேலோட்டமாகப் புரட்டிப் பழகிய கை இங்கே முதன்முறையாகத் தாமதிக்கிறது.

அடுத்து, களைப்பில் மூத்தவர் ஒரு கட்டுரையில் இரண்டு வரிகளைத் தாண்டிவிடுகிறார். “நடுவுல ஏதாவது விட்டுட்டீங்களா சார்? தொடர்பு அறுந்த மாதிரி இருக்கு.” இதில் அற்புதம் எதுவும் இல்லை; கவனமாகக் கேட்கும் எவரும் இதைக் கண்டுபிடிப்பார். பார்வையற்ற பாத்திரத்தின் திறமையைக் காட்டும்போது அதன் அளவு இவ்வளவாகவே இருக்கட்டும். மிகையான திறமை வந்தவுடன் மூத்தவருக்குத் தப்பிக்க வழி கிடைத்துவிடும்: கடவுள் ஒன்றை எடுத்து மற்றொன்றைக் கொடுத்தார் என்று சொல்லி அவர் எழுந்து போய்விடலாம்.

விரலால் தடவிப் படிக்கும் புடைப்புப் புள்ளிகளாலான பிரெய்ல் எழுத்தையும் இங்கே கொண்டுவரலாம். புதியவர் மதிப்பெண்களைச் சட்டகத்தில் ஊசியால் குத்திக்கொள்கிறார். வலமிருந்து இடமாகக் குத்தி, தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகத் தடவிப் படிக்கிறார். தமிழ் பிரெய்லில் உயிர்மெய்க் குறிகள் இல்லை. ‘கெ’ என்று எழுத முதலில் ககரம், பிறகு எகரம், ஒலிக்கும் வரிசையிலேயே வரும். மெய்யெழுத்துக்குரிய புள்ளியோ எழுத்துக்கு முன்னால் வந்துவிடும். மூத்தவர் இதைப் பார்த்துத் தன்னையறியாமல் ஒரு கேள்வி கேட்கட்டும். கதை முழுவதிலும் அவர் புதியவரிடம் பதிலை எதிர்பார்த்துக் கேட்கும் முதல் கேள்வி அதுவாக இருக்கும். பதில் மூன்று வரிக்கு மேல் போக வேண்டாம். அதற்கு மேல் போனால் பாடமாகிவிடும்.

முன்முடிவு உடையும் கணத்தை எங்கே வைப்பது? மூத்தவரின் வகுப்பிலும் படிக்கும் ஒரு மாணவனின் தாள் வருகிறது. அவர் எப்போதும் கடைசி வரிசையில் தள்ளிவைத்த பையன். இன்று அவனுடைய கட்டுரையை முழுவதும், எழுத்து எழுத்தாக, குரல் கொடுத்து வாசிக்க நேர்கிறது. நன்றாக எழுதியிருக்கிறான் என்பது வாசித்து முடிக்கும்போதுதான் மூத்தவருக்குத் தெரிகிறது. புதியவர் கஞ்சத்தனமாகத்தான் மதிப்பெண் போடுகிறார். ஆனால் அவன் எந்த வரியில் தடுமாறினான் என்று சொல்லிப் போடுகிறார். இரக்கத்தால் கிடைத்த புகழ் என்ற வாதம் அந்த மேசையிலேயே முறிகிறது. “அவர் உணர்ந்தார்” என்ற வரியை எழுதாதீர்கள். அடுத்த தாளை மூத்தவர் இன்னும் மெதுவாக வாசிக்கத் தொடங்கினார் என்று எழுதினால் போதும்.

7. எஞ்சும் பொறாமையைத் தனியே எதிர்கொள்ளச் செய்யுங்கள்

முந்தைய காட்சியோடு கதையை முடித்துவிடத் தோன்றும். முடிக்காதீர்கள். சாக்குப் போய்விட்டதால் பொறாமை இப்போது முன்னைவிடக் கூடுதலாக வலிக்க வேண்டும். இதுவரை “அவருக்குத் தகுதியில்லை” என்று சொல்லித் தூங்கியவருக்கு இனி அந்தத் தூக்கம் இல்லை; அவர் நல்ல ஆசிரியர், மன்றத்துக்கு அவரே பொருத்தமானவர், தான் அவ்வளவு கவனமாக யாரையும் கேட்டதில்லை என்பது மட்டும் மிஞ்சுகிறது.

இந்த நிலையில் மூத்தவரைச் சற்றுத் தவறவிடுங்கள். அன்று மாலை அவர் புதியவரிடம் வழக்கத்தைவிடக் கடுமையாக நடந்துகொள்ளலாம். வாயிற்படி இருப்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டு, கோல் அதைத் தட்டும் ஓசையைக் கேட்டுக்கொண்டு நிற்கலாம். வாசகருக்கு இது அதிர்ச்சி தரும், ஆனால் நம்பும்படி இருக்கும். தகுதியில்லாதவர் என்று எண்ணியபோதுகூடச் செய்யாத சிறுமையை, தகுதி தெரிந்தபின் மனிதர் செய்வதுண்டு.

அதன்பின் வரும் மாற்றம் ஒரு செயலாக இருக்கட்டும். அதற்கு அவர் ஏதேனும் விலை கொடுக்கட்டும். விடுப்பில் இருந்தவர் திரும்பி வந்துவிட்டார், இனி நீங்கள் வாசிக்க வேண்டாம் என்று தலைமையாசிரியர் சொல்கிறார். “மிச்சத்தையும் நானே வாசிக்கிறேன் சார்” என்கிறார் மூத்தவர். அது அன்பாலா, அந்த மனிதர் எப்படி மதிப்பிடுகிறார் என்று கற்றுக்கொள்ளும் ஆசையாலா, வாயிற்படிக்கான குற்றவுணர்வாலா என்பதை நீங்கள் பிரித்துச் சொல்ல வேண்டாம். மூன்றும் கலந்தே இருக்கும். பொறாமை அடியோடு அழிந்தது என்று காட்டுவதைவிட, அது கற்றுக்கொள்ளும் விருப்பமாகத் திரும்பத் தொடங்கியது என்று காட்டுவது உண்மைக்கு நெருக்கமானது.

8. முடிவில் செய்யக்கூடாதவை

பார்வையற்றவரைச் சாகடிக்காதீர்கள். அறுவை சிகிச்சையால் பார்வை வரவைக்காதீர்கள். இரண்டுமே மூத்தவரின் சிக்கலை அவருடைய முயற்சியின்றித் தீர்த்துவிடும் வழிகள்.

மன்னிப்புக் கேட்கும் காட்சியும் பெரும்பாலும் தேவைப்படாது. மூத்தவரின் மனத்தில் நடந்ததில் முக்கால் பங்கு புதியவருக்குத் தெரியவே தெரியாது. தெரியாததை மன்னிக்கச் சொல்லி அவரிடம் ஒரு சுமையை இறக்கிவைப்பது மூத்தவர் தன்னை எளிதாக்கிக்கொள்ளும் வழி. தெரிந்ததைப் பற்றி, அதாவது அந்த வாயிற்படியைப் பற்றி, புதியவர் ஒரு வரி சொல்லலாம். “நேத்து படியைச் சொல்ல மறந்துட்டீங்க சார்.” அதற்கு மூத்தவர் சொல்லும் பதிலை எழுத நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும், “மறக்கல” என்று அவரால் சொல்ல முடியுமா என்பதில்தான் கதை நிற்கிறது. இரண்டு விதமாகவும் எழுதிப் பாருங்கள்.

9. பார்வையற்ற வாசகர் ஒருவருக்குக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்

வரைவு முடிந்ததும், பார்வையற்றவரும் கதை வாசிப்பவருமான ஒருவரிடம் அதைக் கொடுங்கள். தமிழ்நாட்டில் பள்ளி, கல்லூரி ஆசிரியர்களாகப் பணிபுரியும் பார்வையற்றவர்கள் பலர். அவர்களில் இலக்கிய வாசகர்கள் நிறைய இருக்கிறார்கள். அவருடைய நேரத்தைக் கேட்கிறீர்கள் என்ற மரியாதையோடு முன்கூட்டியே அனுமதி பெறுங்கள்.

அனுப்பும் கோப்பு ஒருங்குறியில் (யூனிகோட்) தட்டச்சு செய்ததாக இருக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக் கோப்புகளைத் திரைவாசிப்பான் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக வாசிக்கும். கையெழுத்துப் படியைப் படமெடுத்து அனுப்பினால் அதனால் எதையும் வாசிக்க முடியாது. பத்திகளுக்கு இடையே அலங்காரத்துக்காகப் போடும் நட்சத்திரக் குறிகளையும் நீக்கிவிடுங்கள், ஏனென்றால் அவை ஒவ்வொன்றும் “நட்சத்திரம், நட்சத்திரம்” என்று ஒலித்துக் கதையை அறுக்கும்.

“கதை பிடித்ததா?” என்று கேட்காதீர்கள், மரியாதைக்காகப் பிடித்தது என்பார்கள். எந்த இடத்தில் இந்த மனிதர் உங்களுக்கு நம்பும்படி இல்லை, எந்த வேலையை அவர் வேறு விதமாகச் செய்திருப்பார், எந்த வரியில் எரிச்சல் வந்தது என்று கேளுங்கள். வரும் பதில்களில் நடைமுறைப் பிழைகளை உடனே திருத்துங்கள். எரிச்சல் வந்ததாகச் சொன்ன வரிகளைத் தனியே எடுத்து, அவை மூத்தவரின் மனத்திலிருந்து வந்தவையா, உங்கள் மனத்திலிருந்து நழுவி விழுந்தவையா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். மூத்தவருடையவை கதையில் இருக்கலாம். உங்களுடையவற்றை எடுத்துவிட்டு, அந்தப் பத்தியை முதலிலிருந்து எழுதுங்கள்.